மூத்திரக் குப்பி

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மூத்திரத்தைப் பிடித்துச் சோதித்துவிட்டால் கஞ்சா ஒழிந்துவிடும் என்று நம்ம தோழர்களிலேயே சிலர் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். எதிரிகள் பேசினால் பதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். பேசுகிறவர்கள் நம்மவர்கள். அவர்களுடைய கோபத்துக்குக் காரணமும் இருக்கிறது. சேரிக்குள் கஞ்சாப் பொட்டலம் வந்துவிட்டது. நரம்பில் ஏற்றுகிற வலி மாத்திரை வந்துவிட்டது. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் துணியில் ஊற்றி மோந்துகொண்டு பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன் தண்டவாளத்தோரம் உட்கார்ந்திருக்கிறான். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லி எவனும் எழுத முடியாது. நானும் எழுதவில்லை. என் பேச்சு அந்தக் குப்பியைப் பற்றி மட்டும்தான்.

குப்பி புதுசு இல்லை. அமெரிக்கப் பள்ளிகள் முப்பது வருசத்துக்கு மேலாக அதைக் கையில் வைத்திருக்கின்றன. அங்கே நடந்ததை நாம் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் நம் ஆட்கள் இன்று சொல்கிற ஒவ்வொரு வாதமும் அங்கே கோர்ட்டில் சொல்லப்பட்டு, எழுதப்பட்டு, ஜெயித்தும் விட்டது. ஜெயித்த பிறகு என்ன ஆனது என்பதும் தெரிந்துவிட்டது.

ஓரிகன் மாநிலத்தில் வெர்னோனியா என்று ஒரு சின்ன ஊர். மரம் வெட்டிப் பிழைக்கிற ஊர். எண்பதுகளின் கடைசியில் அங்கே பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள், வாத்தியார் பேச்சைக் கேட்பதில்லை, விளையாட்டுக்காரப் பையன்கள்தான் போதைக்குத் தலைமை தாங்குகிறார்கள் என்று பள்ளி நிர்வாகம் முடிவு கட்டியது. 1989இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். விளையாட்டில் சேருகிற ஒவ்வொருவரும் சீசன் ஆரம்பத்தில் சோதனைக்கு உட்பட வேண்டும். பிறகு வாரா வாரம் குலுக்கல் போட்டுப் பத்தில் ஒருவரை எடுப்பார்கள். பையன் என்றால் சுவரைப் பார்த்து நின்று குப்பியில் பிடித்துக் கொடுக்க வேண்டும், பின்னால் பன்னிரண்டு பதினைந்து அடி தள்ளி ஒரு ஆள் நிற்பார். பெண் என்றால் மூடிய கதவுக்கு உள்ளே. வெளியே ஒரு அம்மா நின்று சத்தம் சரியாக வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். படித்துவிட்டு ஒரு நிமிசம் யோசியுங்கள். வயசுக்கு வந்த ஒரு பெண்பிள்ளை மூத்திரம் போகிற சத்தத்தை அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஒருவர் காது கொடுத்துக் கேட்கிறார். இதற்குப் பெயர் கல்வி.

1991இல் ஜேம்ஸ் ஆக்டன் என்ற ஏழாம் வகுப்புப் பையன் ஃபுட்பால் ஆட ஆசைப்பட்டான். பன்னிரண்டு வயசு. அவன் மேல் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. அப்பா அம்மா சம்மதத் தாளில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். ஆட விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1995இல் ஆறுக்கு மூன்று என்று பள்ளி ஜெயித்தது. ஸ்காலியா எழுதிய தீர்ப்பு அது. விளையாட்டுக்காரன் எல்லார் முன்னாலும் துணி மாற்றுகிறவன்தானே, அவனுக்கு என்ன கூச்சம் என்கிற தொனி அதில் ஓடுகிறது.

ஆனால் அந்தத் தீர்ப்பில் நம்மைத் தொடுகிற ஒரு இடம் இருக்கிறது. சந்தேகப்படுகிற பையனை மட்டும் சோதித்தால் போதாதா என்று ஆக்டன் தரப்பு கேட்டது. போதாது என்றார் ஸ்காலியா. சந்தேகத்தின் பேரில் பிடித்தால் அது அவமான முத்திரை ஆகிவிடும், வாத்தியார்கள் தங்களுக்குப் பிடிக்காத அடங்காத பையன்களைத்தான் பிடிப்பார்கள், எல்லாரையும் குலுக்கலில் சோதித்தால் யாருக்கும் அவமானம் இல்லை என்றார். இதை எதிர்த்து ஓ'கானர் எழுதினார். குற்றம் செய்ததாக ஒரு அடையாளமும் இல்லாதவனைத் தொடக்கூடாது என்பதுதான் பழைய பாதுகாப்பு, எல்லாரையும் ஒன்றாகத் தொடுகிறோம் என்பதால் தொடுவது நியாயமாகிவிடாது என்பது அவர் பக்கம்.

நான் முதல்முறை இதைப் படித்தபோது, உண்மையைச் சொன்னால், மனசு ஸ்காலியா பக்கம்தான் சாய்ந்தது. நம் அனுபவம் அப்படி. ஒன்பதாம் வகுப்பில் சுற்றுலாவுக்கு வசூலித்த நூற்றைம்பது ரூபாய் காணோம். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் இருந்த வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னது விடுதிப் பசங்க மூன்று பேரை. பையைக் கொட்டினார்கள், டவுசர் பாக்கெட்டை வெளியே இழுத்தார்கள். மூன்றில் ஒருவன் நான். பணம் சாயங்காலம் வருகைப் பதிவேட்டுக்குள்ளேயே கிடைத்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. 'சரி சரி, போய் உக்காருங்கடா' அவ்வளவுதான். இப்படி வளர்ந்தவனிடம் வந்து 'எல்லாரையும் சோதிப்போம், மேலத்தெருப் பையனையும் சேர்த்து' என்று சொன்னால் அது சமத்துவம் மாதிரி காதில் விழும்.

காதில் விழுவது வேறு, நடப்பது வேறு. தெற்கு கரோலினாவில் சார்ல்ஸ்டன் என்ற ஊரில் ஒரு அரசு மருத்துவமனை 1989இல் கர்ப்பிணிகளின் மூத்திரத்தில் கொக்கைன் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தது. போலீசும் அரசு வக்கீலும் உடன் சேர்ந்து போட்ட திட்டம். சட்டத்தில் நிறம் பற்றி ஒரு எழுத்து கிடையாது. கைதானவர்கள் முப்பது பெண்கள். இருபத்தொன்பது பேர் கறுப்பர்கள். பிள்ளை பெற்ற கையோடு விலங்கு மாட்டி இழுத்துப் போனதும் நடந்தது. 2001இல்தான் உச்ச நீதிமன்றம் அது தப்பு என்றது. விதி பொதுவாக இருக்கும், விதியைத் தூக்கிக்கொண்டு வருகிற கைக்கு நிறம் இருக்கும். நம் ஊரில் சாதி இருக்கும். ஓ'கானர் சொன்னது ஏன் சரி என்று எனக்கு விளங்கியது இந்த முப்பதில் இருபத்தொன்பதைப் பார்த்த பிறகுதான்.

வெர்னோனியாவோடு குப்பி நின்றுவிடவில்லை. ஓக்லஹாமாவில் டெகம்சே என்ற ஊரின் பள்ளி 1998இல் ஒரு விதி போட்டது. விளையாட்டு மட்டும் இல்லை, போட்டிகளில் கலந்துகொள்கிற எந்த மாணவரும் சோதனைக்கு வர வேண்டும். பாட்டுக் குழு, பேண்டு வாத்தியம், வினாடி வினா, மாடு கன்று வளர்க்கிற விவசாய சங்கம், சமையல் சங்கம், எல்லாம். லிண்ட்சே ஏர்ல்ஸ் என்ற மாணவி வழக்குப் போட்டார். பாட்டுப் பாடுகிற, நன்றாகப் படிக்கிற பெண். 2002இல் ஐந்துக்கு நான்கு என்று தோற்றார். மறுத்து எழுதிய கின்ஸ்பர்க் நையாண்டியே செய்திருக்கிறார். கரண்டி முள்கரண்டிகள் கட்டு மீறிப் போகும், மாடுகள் வெறிபிடித்து ஓடும், பேண்டு வாத்தியங்கள் ஒன்றோடொன்று மோதி டெகம்சேயின் அமைதி கெட்டுவிடும் என்று பயப்பட்டாலும், இந்தப் பிள்ளைகள் செய்வது ஒன்றும் ஆபத்தான வேலை இல்லையே என்றார். அவர் சொன்ன இன்னொரு விசயம் முக்கியம். பாட்டு, விளையாட்டு என்று ஏதோ ஒன்றில் ஒட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைதான் போதைக்குப் போவது குறைவு. சோதனைக்குப் பயந்து விலகப்போவது, ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கிற பிள்ளை. காப்பாற்ற வேண்டியவனைத்தான் குப்பி முதலில் வெளியே தள்ளுகிறது.

அந்தப் பள்ளியில் நடந்த ஒரு சின்ன விசயமும் மறுப்புரையில் பதிவாகியிருக்கிறது. தப்பான முடிவு வரக்கூடாது என்பதற்காக, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே எழுதி வாங்கினார்கள். அந்தப் பட்டியலைப் பாட்டு டீச்சர் மற்ற பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் போட்டுவைத்தார் என்று புகார். எந்தப் பிள்ளைக்கு வலிப்பு, எது மனசு சரியில்லாமல் மாத்திரை சாப்பிடுகிறது, எல்லாம் மேசை மேலே. நம் ஊரில் உதவித்தொகைப் பட்டியலையே சாதிப் பெயரோடு உரக்கப் படிக்கிற வாத்தியார்களைப் பார்த்தவர்கள் நாம். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

டெகம்சே தீர்ப்பை எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். கறுப்பர். நம்ம ஆள் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற தோழர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். அதே நாற்காலியில் அவருக்கு முன்னால் இருந்தவர் தர்குட் மார்ஷல். அவரும் கறுப்பர். வெள்ளைப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைக்கு ஒரு பள்ளி என்பதை உடைத்த 1954ஆம் வருசத்து வழக்கில் வாதாடியவர். 1989இல் ரயில்வே தொழிலாளிகளின் ரத்தத்தையும் மூத்திரத்தையும் சோதிக்கலாம் என்று தீர்ப்பு வந்தபோது மார்ஷல் மறுத்து எழுதினார். போதை பெரிய ஆபத்து என்பது உண்மை, ஆனால் இப்படி அவசரமான நேரத்தில்தான் உரிமைகள் பறிபோகின்றன, வரலாறு அதைத்தான் காட்டுகிறது என்றார். ரயில் ஓட்டுகிறவனில் தொடங்கி ஆறு வருசத்தில் ஃபுட்பால் ஆடுகிற பையனிடம் வந்தது. இன்னும் ஏழு வருசத்தில் பாட்டுப் பாடுகிற பெண்ணிடம் வந்தது. அவர் பயந்தது வீண் இல்லை.

சரி, பலன்? 2004 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் நாடாளுமன்றத்தில் நின்று பள்ளிச் சோதனைக்குக் கூடுதலாக 2 கோடியே 30 லட்சம் டாலர் கேட்டார். அதற்கு முந்தைய வருசமே மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு வெளிவந்துவிட்டது. 76,000 மாணவர்கள். சோதனை செய்கிற பள்ளி, செய்யாத பள்ளி, இரண்டிலும் போதைப் பழக்கத்தில் வித்தியாசம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2015இலும் இதைப் பரவலாகச் செய்வதை ஆதரிக்க முடியாது, பலன் உண்டு என்பதற்குச் சான்று போதாது என்றது.

இது ஏன் என்று யோசிக்க டாக்டர் பட்டம் தேவையில்லை. கஞ்சா உடம்பில் நாள்கணக்கில் தங்கும், வழக்கமாக அடிப்பவனுக்கு வாரக்கணக்கிலும் தங்கும். மற்றவை பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். சாராயம் மணிக்கணக்கில் இறங்கிவிடும். எது அதிகம் கெடுக்கும் என்பதைக் குப்பி அளப்பதில்லை, எது அதிக நாள் தங்கும் என்பதை அளக்கிறது. விவரம் தெரிந்த பையன் தங்காததற்கு மாறிக்கொள்வான்.

நம் கதைக்கு வருவோம். மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் எடுத்து 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் ஒரு விசயம் இருக்கிறது. பெரியவர்களைவிடச் சிறுவர்கள் அதிகமாகப் பயன்படுத்துகிற ஒரே வகை மோந்து பார்க்கிற போதைதான். பெரியவர்களில் 0.58 சதவீதம், சிறுவர்களில் 1.17 சதவீதம். சொல்யூஷன், ஒயிட்னர், தின்னர். மலிவானது, எந்தக் கடையிலும் கிடைக்கும், பசியை மறக்கடிக்கும். கடையில் விற்கிற சாதாரணச் சோதனைப் பட்டையில் இது அகப்படாது. ஊசியில் ஏற்றுகிற டபென்டடால் மாத்திரையும் அதில் அகப்படாது. கன்னத்தில் அடக்குகிற கூல் லிப்பும் அகப்படாது. ஆக நம் தெருப் பிள்ளையைக் கொல்லுகிற சரக்கு ஒன்றையும் காட்டாத கருவியை வாங்கிக்கொடுங்கள் என்று நாம் மனு கொடுக்கப் போகிறோம்.

காட்டாததைவிட மோசம், இல்லாததைக் காட்டுவது. சளி மருந்து சில சமயம் போதை மருந்து மாதிரி தெரியும். கறிக்குழம்புக்குக் கசகசா அரைத்து ஊற்றுகிற வீட்டுப் பிள்ளையின் மூத்திரத்தில் மார்ஃபின் தடயம் வரலாம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இந்தக் கசகசாத் தொல்லையால்தான் அமெரிக்க அரசு தன் ஊழியர்களுக்கான சோதனையில் அளவை 1998இல் 300 நானோகிராமிலிருந்து 2000க்கு உயர்த்தியது. சந்தேகம் தீர அடுத்த கட்டமாகப் பெரிய ஆய்வுக்கூடத்தில் இன்னொரு சோதனை செய்ய வேண்டும். அதற்குக் காசும் நாளும் ஆகும். அந்த நாட்களில் பையன் எங்கே இருப்பான்? அமெரிக்கப் பையனுக்கு வக்கீல் இருப்பான். நம்ம பையனுக்கு டி.சி. இருக்கும்.

நான் வங்கிக் கவுண்டரில் இருக்கிறவன். நாள் முழுக்கச் சோதனைதான் என் வேலை. ஐந்நூறு ரூபாய் நோட்டை விளக்குக்கு அடியில் வைப்பேன், நோட்டு வெட்கப்படாது. ஆனால் யார் கொண்டுவந்த நோட்டை இரண்டாம் தடவை திருப்பிப் பார்க்கிறோம் என்பதை நான் கவனித்திருக்கிறேன். ஜிப்பாக்காரர் கட்டை எண்ணி உள்ளே போடுகிறோம். சித்தாள் வேலைக்குப் போகிற அக்கா முடிச்சவிழ்த்துக் கொடுக்கிற நாலு நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறோம். சம்மதம் என்கிற வார்த்தையைப் பற்றியும் அந்தக் கவுண்டர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிற சனங்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். என்ன தாள் என்று நூறில் நாலு பேர் கேட்டால் அதிகம். ஆக்டன் வீட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்கள், அவர்களுக்காக உரிமை அமைப்பு வக்கீல்கள் வந்தார்கள். 'பெற்றோர் சம்மதத்துடன்தான் சோதனை' என்று இங்கே எழுதினால் அந்தச் சம்மதம் எந்தப் பெருக்கல் குறியில் விழும் என்று எனக்குத் தெரியும்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். வெர்னோனியாவிலும் டெகம்சேயிலும் முடிவைப் போலீசிடம் கொடுப்பதில்லை என்று விதியிலேயே வைத்திருந்தார்கள். அதைச் சொல்லித்தான் கோர்ட்டில் ஜெயித்தார்கள். இங்கே 1985ஆம் வருசத்துப் போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி உட்கொள்வதே குற்றம். சில வகைக்கு ஒரு வருசம் வரை, மற்றவைக்கு ஆறு மாதம் வரை. சிறுவன் என்றால் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது, ஜெயிலுக்குப் போகமாட்டான். ஆனால் ஸ்டேசன் வாசல் மிதித்துவிடுவான். அதற்கப்புறம் தெருவில் செயின் அறுந்தால் அவன் பெயர்தான் முதலில் வரும். தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்று அதே சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது. 'தானாக முன்வந்து' என்பதுதான் அங்கே உயிர். குலுக்கலில் பெயர் எடுத்துக் குப்பியைக் கையில் கொடுத்துவிட்டால் அந்தப் பிரிவுக்குள் நுழைகிற வாசலை நாமே அடைத்துவிடுகிறோம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. மகன் பதினொன்றாம் வகுப்பு. 'தம்பி, ஏதோ டெஸ்ட்டு இருக்காமே, எடுத்துப் பாத்துட்டா எனக்கு ராத்திரில தூக்கமாச்சும் வரும்ல' என்று கேட்டது. அதற்கு நான் அமெரிக்கக் கோர்ட்டைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்குக்கா, நான் லீவு போட்டுக் கூட வர்றேன் என்றேன். போனோம். டாக்டர் பையனிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார். அங்கே மூத்திரம் கேட்டால் அது வேறு. தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த அக்கா தெரிந்துகொள்ள நினைத்தது பையனை மீட்க. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைப் பலகையில் எழுதி மாட்டுகிற பள்ளிக்கூடம் தெரிந்துகொள்ள நினைப்பது கழித்துக்கட்ட.

2023இல் நாங்குநேரியில் நடந்ததற்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்து, 2024இல் அறிக்கையும் வந்தது. கையில் கட்டுகிற சாதிக் கயிற்றையே நம் பள்ளிகளால் அவிழ்க்க முடியவில்லை. கயிறு கண்ணுக்குத் தெரிகிறது, அவிழ்க்கக் கத்தரிக்கோல் போதும். அந்தப் பள்ளிகளின் கையில்தான் குப்பியையும் கொடுக்கச் சொல்கிறோம். குலுக்கலில் யார் சீட்டு விழும், விழுந்த சீட்டில் எது பேசாமல் மடிக்கப்படும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. கண்காணிப்பு, அதிகாரம், உடல் என்று தொண்ணூறுகளில் நம் இதழ்கள் ஃபூக்கோவைப் பக்கம் பக்கமாக எழுதின. அப்போது அவ்வளவும் படித்துத் தலையாட்டிய தோழர்கள் இன்று கண்காணிப்பாளர் வேலைக்கு நம் செலவிலேயே ஆள் எடுக்கச் சொல்வது எனக்குப் புரியவில்லை.

பிள்ளையைச் சோதிக்கச் சொல்கிறவர்கள் விற்கிறவனை ஏன் சோதிக்கச் சொல்வதில்லை? 2003ஆம் வருசத்துப் புகையிலைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, பள்ளியைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்கிறது. குட்காவைத் தமிழ்நாடு 2013இலேயே தடை செய்தது. சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுக்கிறவனுக்கு ஏழு வருசம் வரை கடுங்காவல் என்கிறது. டாஸ்மாக்கை நடத்துவது அரசாங்கம். இத்தனையும் வைத்துக்கொண்டு, குற்றத்தைப் பதிமூன்று வயசுப் பையனின் மூத்திரத்தில் தேடுகிறோம். விடுதிக்கு ஒரு மனநல ஆலோசகர் கேட்டால் நிதி இல்லை என்பார்கள். குப்பிக்கு நிதி வரும். சப்ளை செய்கிறவனுக்கு டெண்டர் இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மனு வாசிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சோதனை என்கிற வரியை அடித்துவிட்டு, மாவட்ட ஆஸ்பத்திரியில் சிறுவர்களுக்குத் தனிப் படுக்கை, ஒவ்வொரு ஆதிதிராவிடர் நல விடுதிக்கும் வாரத்தில் ஒரு நாளாவது ஆலோசகர், மூடாமல் விட்ட பெட்டிக்கடைகளின் பட்டியல் என்று எழுதுவதாக இருந்தால் என் கையெழுத்தும் சேரும். பட்டியலுக்கு நான் ஒரு வேலை செய்கிறேன். நூறு கெஜம் என்பது தொண்ணூற்றொன்றரை மீட்டர். கொத்தனார் வேலை பார்க்கிற நம்ம தோழரிடம் முப்பது மீட்டர் டேப் இருக்கிறது, வாங்கிக்கொண்டு வருகிறேன். சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூட கேட்டிலிருந்து பிடித்தால் மூன்று இழுப்பும் ஒன்றரை மீட்டரும். இரண்டு பேர் கூட வந்தால் போதும்.